சத்துவாச்சாரி கடையின் வீட்டு நெட்வொர்க் வேலை: பழைய சுவர்களைத் தாண்டி மாடிக்கு வந்த இணையம்

வேலூரில் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்குவது இப்போது பெரிய காரியமில்லை. வாங்கிய இணைப்பை வீட்டின் எல்லா அறைகளுக்கும் ஒழுங்காகக் கொண்டுசேர்க்க ஆள் கிடைப்பதுதான் கடினம். இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தின் ஆட்கள் தெருக் கம்பத்திலிருந்து ஒயரை இழுத்து, வாசலை ஒட்டிய முதல் அறையில் பெட்டியை மாட்டி, பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது அவர்கள் பொறுப்பில் வருவதில்லை. சத்துவாச்சாரியில் உள்ள இந்தக் கணினிக் கடை அந்த உள்வேலையை எடுத்துச் செய்கிறது. கொசப்பேட்டையில் எங்கள் வீட்டில் அவர்கள் செய்த வேலையைப் பற்றி, இதே சிக்கலில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய பழைய வீடு. கீழ்த்தளத்துச் சுவர்கள் ஒன்றரை அடிக்கும் மேல் தடிமன். வேலூர் வெயிலுக்கு அவை தரும் குளிர்ச்சிக்கு ஈடில்லை. ஆனால் வைஃபை அலையை அவை எளிதில் உள்ளே விடுவதில்லை. ஃபைபர் பெட்டி தெருப் பக்கத்து அறையில் இருக்க, பிள்ளைகள் படிப்பதும் நான் வேலை பார்ப்பதும் பின்னாளில் கட்டிய மாடி அறையில். 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டியும், மாடியில் ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்று நின்று வந்தது. நிறுவனத்தில் புகார் கொடுத்தபோதெல்லாம் லைன் சரியாக இருக்கிறது என்றே பதில் வந்தது. அந்தப் பதில் உண்மைதான் என்று அளந்து காட்டியவர் இந்தக் கடைக்காரர்.

வந்தவுடன் அவர் எதையும் விற்க முயலவில்லை. தம் மடிக்கணினியைக் கேபிள் வழியாக நேரே ஃபைபர் பெட்டியில் செருகி வேகத்தைச் சோதித்தார். 200-க்குச் சற்றே குறைவாகக் காட்டியது. பிறகு சிக்னலின் வலிமையைக் காட்டும் செயலியைச் செல்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு, என்னையும் உடன் வரச் சொல்லி வீடு முழுக்க நடந்தார். பெட்டியின் அருகே மைனஸ் 40 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவை; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம்) என்றிருந்த அளவு, கூடத்தைத் தாண்டியதும் மைனஸ் 68 ஆனது. மாடிப்படியில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அறவே நின்றுபோக, மாடி அறையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் மைனஸ் 82-இல் ஊசலாடிக்கொண்டிருந்தது. இந்த அளவையில் மூன்று எண் குறைந்தால் சிக்னலின் சக்தி பாதியாகிவிடும் என்றும், 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதென்றாலும் சுவரை ஊடுருவுவதில் 2.4-ஐவிடப் பலவீனமானது என்றும் விளக்கினார். "லைன்ல ஒரு குறையும் இல்ல சார். எல்லாத்தையும் சுவர் குடிச்சிடுது" என்றார்.

இதற்கு முன் நகரில் வேறொரு கடையில் கேட்டபோது, வரும் சிக்னலைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கிப் படிக்கட்டருகே செருகினால் போதும் என்றும், அது போதாவிட்டால் ஆறு ஆன்டெனா வைத்த ரூட்டர் வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அதை இவரிடம் சொன்னேன். "ரிப்பீட்டர் போட்டா செல்லுல கோடு நிறைய காட்டும் சார், வேகம் வராது. அதுக்கே குறைச்சலா வர்றதைத்தானே அது உங்களுக்குக் கொடுக்கும்?" என்று கேட்டார். சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி, அதே அலைவரிசையில் திருப்பி அனுப்புவதால், கிடைக்கும் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. ஆன்டெனாக் கணக்குக்கும் அவரிடம் பதில் இருந்தது: ரூட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும், செல்பேசி தன் சிறிய சக்தியில் பதில் பேசியாக வேண்டும், அந்தப் பதில் சுவரைத் தாண்டி வராதபோது ரூட்டரின் விலை ஒன்றுக்கும் உதவாது. விலை கூடிய பொருளை விற்றிருக்கக்கூடிய இடத்தில், மாடி வரை ஒரு கேபிள் இழுத்தால் போதும் என்று அவர் சொன்னதற்காகவே இந்தக் கடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

கேபிள் விஷயத்தில் வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். கடையில் இரண்டு விதமான கேட் 6 (நெட்வொர்க் கேபிளின் ஒரு தர வகை) சுருள்கள் இருந்தன. விலையில் பெரிய வேறுபாடு. அவர் இரண்டிலிருந்தும் ஒரு துண்டு நறுக்கி, உள்ளே இருந்த மெல்லிய கம்பியை பிளேடால் சுரண்டிக் காட்டினார். ஒன்று உள்ளேயும் செம்பாகவே இருந்தது. மற்றொன்றில் மேற்பூச்சு உதிர்ந்ததும் வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. செம்பு பூசிய அலுமினியக் கம்பிக்கு மின்தடை அதிகம். வளைத்தால் எளிதில் ஒடியும். முழுச் செம்பு கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை 1 கிகாபிட் வேகத்தைத் தாங்கும். 55 மீட்டருக்குள் என்றால் 10 கிகாபிட்டையும் தாங்கும். ஒரு வீட்டுக்கு இதற்கு மேல் தேவையே வராது. மலிவான சுருளையும் அவர்கள் விற்கத்தான் செய்கிறார்கள். ஆனால் கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள்.

சுவரைக் குடையாமல், படிக்கட்டுச் சுவரோரம் வெள்ளை பிளாஸ்டிக் கேசிங் பட்டிக்குள் கேபிளைக் கொண்டுபோனார்கள். கரண்ட் ஒயர் போகும் பாதையிலிருந்து சற்று விலகியே எடுத்துச் சென்றார்கள். உடன் வந்த இளைஞர் கேபிளின் முனையில், பெட்டியில் செருகும் கிளிப்பை அடித்ததை அருகில் நின்று பார்த்தேன். முறுக்கியிருந்த நான்கு ஜோடிகளையும் பிரித்து, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் விரலால் நீவி நேராக்கி, ஒரே மட்டத்தில் நறுக்கி, கிளிப்புக்குள் செலுத்தி, எட்டு முனைகளும் எதிர்ப்புறம் முட்டி நிற்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே அழுத்தினார். டெஸ்டரில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்தன. எட்டில் ஒன்று தவறினாலும் இணைப்பு கிடைத்துவிடக்கூடும், ஆனால் கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும் என்பதால், வேகம் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் போகிறவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது.

மாடியில் புதிய ரூட்டர் வாங்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அலமாரியில் கிடந்த பழைய ரூட்டரை அவரே எடுத்து, அதில் கேபிள் செருகும் போர்ட் 100 மெகாபிட்டுக்கு மேல் தராது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, வகுப்புக்கும் அலுவலக வேலைக்கும் அது தாராளம் என்றார். இங்கே பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. இரண்டாவது ரூட்டரை அப்படியே செருகினால், கீழே உள்ள பெட்டி ஒரு பக்கமும் இது ஒரு பக்கமுமாகக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கத் தொடங்கும். ஒரே தெருவில் இருவர் தனித்தனியாகக் கதவு எண் போட்டது போலாகி, மாடியில் உள்ள பிரின்டரைக் கீழே உள்ள செல்பேசியால் கண்டுபிடிக்க முடியாது. இவர் அதை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினார். முகவரி வழங்கும் வேலை முழுவதும் கீழ்ப்பெட்டியிடமே இருக்க, மாடி ரூட்டர் கேபிளில் வருவதை வைஃபையாக மாற்றித் தருவதோடு நிற்கிறது. தெருவில் பெரும்பாலான வீடுகளின் வைஃபை, அலைவரிசைக்குள் உள்ள பாதைகளில் ஒன்றான 6-ஆம் சேனலில் நெரிந்துகொண்டிருந்ததால், கீழே 1, மேலே 11 என்று பிரித்து வைத்தார். மாடியில் இப்போது 94 மெகாபிட் வருகிறது. 100 மெகாபிட் போர்ட்டில் அதுவே உச்சம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டு பெட்டிகளின் நிர்வாகக் கடவுச்சொற்களையும் தொழிற்சாலையில் வைத்தபடியே விட்டுவிட்டுப் போகப் பார்த்தார்கள். நான் கேட்ட பிறகே மாற்றினார்கள். வைஃபை கடவுச்சொல்லாக வீட்டுத் தொலைபேசி எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்று அந்த இளைஞர் சொன்னதும் எனக்கு உடன்பாடில்லை. தெருவே அறிந்த எண் பூட்டாகாது. இவ்வளவு கவனமாகக் கம்பி இழுப்பவர்கள் இந்த இடத்தில் அசட்டையாக இருப்பது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. கேபிளின் வகையும் நீளமும் பில்லில் எழுதப்படவில்லை. மொத்தத் தொகை மட்டுமே இருந்தது. கேபிள், இரு முனைகளிலும் சுவர் சாக்கெட், பட்டி, கூலி எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குச் சற்று மேலே ஆனது. செய்த வேலைக்கு அது நியாயமான தொகை.

இரண்டு இடத்திலும் வைஃபைக்கு ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் இருப்பதால், மாடி ஏறும்போது செல்பேசி தானாக மாறிக்கொள்ளும். சில பழைய செல்பேசிகள் கீழ்ச் சிக்னலையே பிடித்துக்கொண்டிருக்கும். அது செல்பேசி எடுக்கும் முடிவு என்பதால், வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட வேண்டியிருக்கும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். மின்வெட்டுக்கு மினி யுபிஎஸ் (சிறிய பேட்டரிப் பெட்டி) போடலாம் என்றும், அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவு பொருந்துகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும் என்றும் சொன்னார்கள். எங்கள் இரண்டு பெட்டிகளும் 12 வோல்ட் என்பதால் சிக்கல் இல்லை.

சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கத்து லாட்ஜுகளிலும் காட்பாடியில் மாணவர்கள் தங்கும் வீடுகளிலும் மாடிக்கு மாடி கம்பி இழுத்த பழக்கம் இவர்களுக்கு உண்டு. அதனால் கல்லூரி திறக்கும் மாதங்களில் ஆள் கிடைக்கத் தாமதமாகிறது. போவதற்கு முன் தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொள்வதும், முழுச் செம்பு கேபிள் என்று பில்லில் எழுதித் தரச் சொல்வதும் நல்லது.