முழுநேர ஊழியமா, வேலையோடு ஊழியமா?

ஊழியத்துக்கு, அதாவது தேவ பணிக்கு, ஆண்டவர் அழைக்கிறார் என்று உணரும் பலர் திணறுவது இங்கேதான்: வேலையை விடுவதா, வைத்துக்கொண்டே செய்வதா? இரண்டுக்கும் வேத ஆதாரம் உண்டு.

பணம்
முழுநேரம்: சபையின் காணிக்கையில்தான் குடும்பம் நடக்கும். அதில் தவறில்லை என்பதற்கு 1 கொரிந்தியர் 9:14 இருக்கிறது.
வேலையோடு: யாருக்கும் பாரமில்லை. கொரிந்துவில் அப்போஸ்தலன் பவுல், ஆக்கில்லா என்பவர் வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்தார் (அப்போஸ்தலர் 18:3).

நேரம்
முழுநேரம்: நடுராத்திரியில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தாலும் கிளம்பலாம்.
வேலையோடு: மாலையும் ஞாயிறும்தான். பிள்ளைகளுக்கும் அதே நேரம்தான் வேண்டும்.

ஆட்கள்
முழுநேரம்: பெரும்பாலும் ஏற்கெனவே சபைக்கு வருகிறவர்கள்.
வேலையோடு: சபை வாசலையே மிதிக்காதவர்கள் பக்கத்து மேஜையில் இருக்கிறார்கள். இதை நம் சபைகள் குறைத்தே மதிப்பிடுகின்றன. பொய் வவுச்சரில் கையெழுத்துப் போட மறுக்கும் கணக்காளரை அலுவலகமே கவனிக்கிறது. தாயை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய சக ஊழியர் முன்னால் டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை நகர்த்தி வைப்பதும் ஊழியம்தான். கொலோசெயர் 3:23 அடிமைகளிடம் பேசுகிறது. அவர்களுடைய அன்றாட வேலையையே கர்த்தருக்கென்று செய்யச் சொல்கிறது.

சரி, யாருக்கு எது? மேய்ப்புப் பணியிலும் போதிப்பதிலும் வரம் இருந்து, அதைச் சபையும் கண்டுகொண்டு, வீட்டாரும் மனதார சம்மதித்தால் முழுநேரம் போகலாம். கடனும் தங்கையின் கல்யாணமும் தலைமேல் இருந்தால் வேலையோடு தொடருங்கள். ஆனால் மேலதிகாரி பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் ராஜினாமா கொடுத்து, அதற்கு அழைப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.