கனவுப் பயிற்சி வகுப்பு: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடி வீட்டில், கனவுக்குள் விழிப்போடு இருக்க, அதாவது கனவு காணும்போதே அது கனவென்று அறிந்திருக்க, கற்றுத் தருவதாகச் சொல்லி வார இறுதி வகுப்பு நடக்கிறது. கட்டணம் 6,500 ரூபாய். நானும் கட்டிப் போனவன்தான். இப்போது காட்பாடி, ராணிப்பேட்டை வரை துண்டறிக்கை போகிறது என்பதால் எழுதுகிறேன்.

விஷயம் பொய்யல்ல, அதுதான் எரிச்சல். 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன், தூங்குகிறவர் முன்பே பேசிவைத்தபடி கனவிலிருந்து கண்ணசைத்துச் சைகை தந்ததைக் கருவியில் பதிவு செய்தார். பின்னர் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவன் லபெர்ஜும் அதை நிரூபித்தார். பயிற்சியாளர் இருவர் படத்தையும் சுவரில் மாட்டியிருக்கிறார். அவர்கள் எழுதியதைப் படித்த மாதிரி தெரியவில்லை.

இரவு பன்னிரண்டு, ஒன்றரை, மூன்று, நாலரை என அலாரம் வைக்கச் சொன்னார். முன்னிரவில் ஆழ்ந்த தூக்கமே அதிகம். கனவு நீண்டு வருவது விடியலை ஒட்டித்தான். ஐந்து மணி நேரம்போலத் தூங்கி, ஒருமுறை எழுந்து, கண்ட கனவை நினைத்துப் பார்த்து, 'அடுத்த கனவைக் கனவென்று அறிவேன்' என்ற எண்ணத்தோடு மறுபடி படுத்தால் போதும். காலணா செலவில்லை. இவர் பேச்சைக் கேட்டுத் தூக்கம் கெட்டதில் பைபாஸில் வண்டி ஓட்டவே எனக்குப் பயமாகிவிட்டது.

அடுத்து 1,800 ரூபாய்க்கு ஒரு கண்பட்டை. கனவின்போது கண் உருளுவதை உணர்ந்து சிவப்பு விளக்கு மினுக்குமாம். உள்துணியைப் பிரித்தேன்: இரண்டு எல்இடி, ஒரு பட்டன் பேட்டரி, ஒரு சுவிட்ச். உணரும் கருவி எதுவுமில்லை. போட்டால் கல்யாண வீட்டுச் சீரியல் விளக்கு போல விடிய விடிய மினுக்குகிறது.

மாத்திரைதான் ஆபத்து. பெயரில்லாத பிளாஸ்டிக் உறை, வாயில் ஸ்டேப்ளர் பின். 'கனவு மூலிகை' என்றார். வெளிநாடுகளில் சிலர் இதற்கென்று விழுங்கும் கலன்டமின், மறதி நோய்க்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்து. குமட்டும், இதயத் துடிப்பையும் குறைக்கும். இது அதுவா, வேறா என்று கேட்டதற்குச் சிரித்தார். நான் தொடவில்லை.

எங்களோடு வந்த கல்லூரிப் பெண் ஒருத்திக்கு ஒரு விடியற்காலையில் விழிப்பு வந்தும் கை கால் அசையவில்லை. நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போன்ற பாரம். அமுக்குவான் பேய் என்று வீட்டில் சொல்வார்களே, அதுதான். கனவுத் தூக்கத்தில் உடல் தசைகள் செயலற்றுக் கிடக்கும். விழித்த பின்னும் சற்று நேரம் அது நீடிப்பதால் வருவது. தூக்கம் கெட்டவர்களுக்கு அதிகம் வரும். அவள் தூக்கத்தைக் கெடுத்தவரோ, "வாசல் திறந்துவிட்டதம்மா, இரண்டாம் நிலைக்கு 9,000 கட்டினால் அடங்கும்" என்றார். அழுதுகொண்டே கட்டினாள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "நம்பிக்கை குறைவு சார் உங்களுக்கு" என்று கதவைச் சாத்தினார். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமில்லை. ரசீதில் 'நன்கொடை' என்று எழுதித் தந்திருக்கிறார். துண்டறிக்கையிலோ 'கட்டணம்' என்றே அச்சாகியிருக்கிறது. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் அந்தத் துண்டறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள்.