உப்புக் காற்றில் ஈஎஸ்சி: சென்சார் மாற்றிய கையோடு எழுதுவது

"மாமா, நீங்க ஓட்டுற அதே வண்டி செகண்ட் ஹேண்டில் ரெண்டு வந்திருக்கு. ஒண்ணு பேஸ் மாடல், ஏபிஎஸ் மட்டும்தான். இன்னொண்ணுல ஈஎஸ்சியும் இருக்கு, விலை கூட. அந்தக் காசுக்குத் தகுமா?"

பாகூரிலிருந்து மனைவியின் தம்பி கேட்டது இது. ஏபிஎஸ் என்பது பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, ஈஎஸ்சி வண்டி வழுக்கிச் சுழலாமல் பிடிக்கும் ஏற்பாடு. அவர் கேட்ட வாரத்தில்தான் என் வண்டி பின் சக்கர சென்சார் மாற்றி வீட்டுக்கு வந்திருந்தது. அதனால் பதில் கொஞ்சம் சூடாகவே இருக்கும். மைலேஜ், டிக்கி அளவெல்லாம் ஊருக்கே தெரிந்த விஷயம், விட்டுவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்வதுதான் நியாயம். பங்குனி வாக்கில் சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பிடுங்கிய உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்துக் காய் உடையும். அப்படி ஒரு இடத்தில் எனக்கு இடது பக்கச் சக்கரங்கள் உளுந்துச் செடி மேல், வலது பக்கச் சக்கரங்கள் தார் மேல். வரப்பிலிருந்து ஒரு ஆட்டுக்குட்டி நேராக வண்டி முன்னால் குதித்தது. பிரேக்கை அடிவரை மிதித்தேன்.

ஒரு பக்கம் பிடிப்பு இருந்து மறுபக்கம் வழுக்கினால், பிடிப்புள்ள பக்கமாக வண்டி திரும்பிச் சுழலப் பார்க்கும். சாதாரண பிரேக்காக இருந்தால் வலது பக்கம் வாய்க்காலில் இறங்கியிருப்பேன். ஆனால் நடந்தது வேறு. காலுக்கடியில் பெடல் தடதடவென்று உதறியது, ஸ்டியரிங் வலது பக்கம் லேசாக இழுத்தது, கையால் சின்னதாகத் திருத்தினேன், வண்டி போன கோட்டிலேயே போய் நின்றது. செடியைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "பாத்துப் போப்பா" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். ஆட்டுக்குட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த உதறல்தான் ஏபிஎஸ். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சென்சார். எந்தச் சக்கரம் திடீரென்று வேகம் இழந்து பூட்டிக்கொள்ளப் போகிறதோ, அதற்குப் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை வால்வு ஒரு கணம் விட்டுவிட்டு மறுபடி ஏற்றும், நொடிக்குப் பல தடவை. எங்கள் அப்பா அம்பாசிடர் ஓட்டிய காலத்தில் "விட்டு விட்டு மிதிடா" என்றுதான் சொல்லிக்கொடுத்தார். அந்த வண்டிக்கு அது சரி. ஏபிஎஸ் உள்ள வண்டியில் அந்த வேலையை மிஷினே செய்கிறது, நாம் மிதித்த காலை எடுக்கவே கூடாது. பெடல் உதறுகிறதே என்று பயந்து காலைத் தளர்த்துகிறவர்கள் நிறையப் பேர். வீட்டில் யார் ஓட்டினாலும் காலி ரோட்டில் ஒரு தடவை முழுசாக மிதிக்க வைத்து, அந்த உதறலைப் பழக்கிவிடுங்கள்.

ஈஎஸ்சி அதற்கு ஒரு படி மேல். ஸ்டியரிங்கில் உள்ள சென்சார் நாம் எங்கே போக நினைக்கிறோம் என்று சொல்லும். வண்டி தன்னைச் சுற்றி எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்பதை இன்னொரு சென்சார் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், நம் கால் பெடலில் இல்லாவிட்டாலும், தேவைப்படும் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கும், இன்ஜின் வேகத்தையும் குறைக்கும். வளைவில் முன்பக்கம் வெளியே வழுக்கினால் உள்பக்கப் பின் சக்கரம், பின்பக்கம் வீசினால் வெளிப்பக்க முன் சக்கரம். இதை நான் செய்ய நினைத்தாலும் முடியாது, என் காலுக்கு இருப்பது ஒரே பெடல். ஐப்பசி, கார்த்திகை மழையில் புதுச்சேரியிலிருந்து இருட்டில் திரும்பும்போது தேங்கிய தண்ணீரில் சக்கரம் ஏறி, டேஷ்போர்டில் ஈஎஸ்சியின் மஞ்சள் விளக்கு மினுக்கி அணையும்போதெல்லாம் இதைக் கண்டுபிடித்தவர்களை மனதார வாழ்த்தியிருக்கிறேன்.

1978ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் வந்தது. 1995ல் அதே எஸ் கிளாஸ் வரிசையில்தான் ஈஎஸ்பி என்ற பெயரில் ஈஎஸ்சி வந்தது. 1997ல் ஸ்வீடனில் ஒரு பத்திரிகை நடத்திய சோதனையில், குறுக்கே வந்த விலங்கைத் தவிர்க்க ஒடிப்பது போல ஒடித்ததும் மெர்சிடிஸின் சின்ன ஏ கிளாஸ் கவிழ்ந்தது. அதன் பிறகு அந்தச் சின்ன வண்டிக்கும் எல்லா மாடலிலும் இதைப் போட்டார்கள். நம் ஊரில் 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 2023ல் வந்த பாரத் என்கேப் என்ற கார் பாதுகாப்புச் சோதனையில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வேண்டுமென்றால் ஈஎஸ்சி இருந்தாக வேண்டும். அதற்கு முந்தைய செகண்ட் ஹேண்ட் வண்டிகளில்தான் மாடலுக்கு மாடல் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

இப்போது என் வயிற்றெரிச்சல்.

அந்த மஞ்சள் விளக்கு மினுக்கினால் வேலை செய்கிறது என்று அர்த்தம். அணையாமல் நின்று எரிந்தால் படுத்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு வாரண்டி முடிந்த பிறகு அது நின்று எரிய ஆரம்பித்தது. கூடவே ஏபிஎஸ் விளக்கு, மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டின் விளக்கு, டயர் காற்று விளக்கு, எல்லாம் ஒரே நேரத்தில். நெல்லிக்குப்பம் வரை ஒழுங்காக வரும், புதுச்சேரியிலிருந்து திரும்பும்போது ரெட்டிச்சாவடி தாண்டினால் எரியும். மழை பெய்தால் எரியும், வெயில் அடித்தால் அணையும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டினார்கள், ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தத் தொகைக்கு ஒரு பழைய பைக் வாங்கலாம். வண்டியைத் தூக்கிச் சக்கரத்துக்குப் பின்னால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

செம்மண்டலத்தில் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்னை மெதுவாக ஓட்டச் சொன்னார். மூன்று சக்கரம் ஒரே வேகம் காட்ட, இடது பின் சக்கரம் மட்டும் திடீர் திடீரென்று பூஜ்யத்துக்குப் போய் வந்தது. அந்தச் சென்சாரின் பிளக்கைக் கழற்றினார். செம்பு ஊசிகளைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது, ஒன்று பாதி அரித்தே போய்விட்டது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்து நிற்கும் வண்டிக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சென்சாரை வயரோடு மாற்றினார், விளக்கு அத்தனையும் அணைந்தது. சர்வீஸ் சென்டர் கேட்டதில் இது ஒரு சிறு துண்டு.

ஒரு சக்கரத்தின் கணக்கு தவறினால் மொத்தத்தையும் நிறுத்திவிடுவது சரியான ஏற்பாடுதான். தப்பான தகவலை நம்பித் தப்பான சக்கரத்தைப் பிடித்தால் இன்னும் ஆபத்து. சாதாரண பிரேக் அப்போதும் பிடிக்கும். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால்தான் உடனே ஓரம் கட்ட வேண்டும். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. புரியாதது ஒன்றுதான்: இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டின் உயிரே அந்த பிளக்கில் இருக்கும்போது, அதை ஏன் சேறும் உப்புத் தண்ணீரும் நேராக அடிக்கிற இடத்தில், பொத்தல் ரப்பர் மூடியோடு தொங்கவிட்டார்கள்? இந்தியாவுக்கு எவ்வளவு நீளக் கடற்கரை! வடிவமைத்தவர் ஒரு மழைக்காலம் இங்கே வந்து இருந்திருந்தால் அந்த பிளக்கை ஒரு சாண் மேலே ஏற்றியிருப்பார்.

டயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மொட்டை டயரை வைத்துக்கொண்டு ஈஎஸ்சி காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். ரோட்டில் பிடிப்பு இருந்தால்தான் அது எதையாவது செய்ய முடியும். மணலில் மாட்டினால் மட்டும் ஈஎஸ்சி பட்டனை அழுத்தி நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் சக்கரம் சுழலச் சுழல இன்ஜினை அமுக்கிக்கொண்டே இருக்கும், வண்டி நகராது.

தம்பிக்குச் சொன்ன பதில்: இரண்டுமே வேண்டாம். ஈஎஸ்சி இல்லாத மாடலில் அக்கா பிள்ளைகள் ஏறுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஈஎஸ்சி உள்ளதை வாங்கினால் அந்த பிளக்கோடு நீயும் மாரடிக்க வேண்டும். வேறு கம்பெனி வண்டியாகப் பார், ஈஎஸ்சி உள்ளதாகப் பார். காசு கொடுப்பதற்கு முன்னால் லிஃப்டில் ஏற்றச் சொல்லி, பின் சக்கர சென்சார் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்.