ராணுவ விண்வெளி ஆய்வில் கூட்டு: சிங்கப்பூர் தன் பணத்தை எந்த வழியில் போடலாம்?

2025 நிதியாண்டில் சிங்கப்பூரின் தற்காப்புச் செலவு 23.4 பில்லியன் வெள்ளி. 2022ல் விண்வெளித் தொழில்நுட்ப மேம்பாட்டுத் திட்டத்துக்கு அரசு அறிவித்த தொகை 150 மில்லியன் வெள்ளி. இரண்டும் வேறு வேறு பையிலிருந்து வரும் பணம், நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கூடாது. இருந்தாலும் ஒன்று புரிகிறது. ராக்கெட் ஏவ நிலமில்லாத, பெரிய ஏவுதளமோ ராக்கெட் தொழிற்சாலையோ இல்லாத ஊர் இது. படைக்குத் தேவையான விண்வெளி ஆய்வை முழுக்கத் தனியாகச் செய்து முடிக்க நம்மால் ஆகாது. யாரோடாவது சேர்ந்துதான் ஆகவேண்டும். அந்தச் சேர்க்கைக்குப் பணத்தை எந்த வடிவில் கொடுப்பது என்பதைத்தான் இங்கே அலசப் போகிறேன்.

தேக்காவில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, சமிக்ஞைப் பிரிவில் தேசிய சேவை முடித்த ஒரு தம்பி கேட்டார்: "காசு குடுத்தா கம்பெனிக்காரன் படத்தை அனுப்பிடுறானே அண்ணே, அப்புறம் எதுக்குக் கூட்டு, ஒப்பந்தம் எல்லாம்?"

நல்ல கேள்வி. அமைதிக் காலத்தில் அவர் சொல்வது சரிதான். ஆனால் 2025 மார்ச்சில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. அமெரிக்க அரசு தன் திட்டத்தின் வழியாக உக்ரேனுக்குக் கிடைத்துவந்த வணிகச் செயற்கைக்கோள் படங்களைச் சில நாள்களுக்கு நிறுத்திவைத்தது. படம் எடுத்தது மேக்சார் என்ற தனியார் நிறுவனம். போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், வாஷிங்டனில் எடுத்த ஒரு முடிவால் கணக்குகள் முடங்கின. சந்தையில் வாங்குவது ஒரு வசதி. அதை மட்டுமே நம்பி ஒரு படை திட்டம் போட முடியாது. ஆகவே அந்த வழியை ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றைப் பார்ப்போம்.

பொது நிதியில் பணம் போடுவது

பெரிய எடுத்துக்காட்டு ஐரோப்பியத் தற்காப்பு நிதி. 2021 முதல் 2027 வரை ஏறக்குறைய 8 பில்லியன் யூரோ. குறைந்தது மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று அமைப்புகளாவது சேர்ந்து விண்ணப்பித்தால்தான் பணம். ஆய்வுக்கு முழுச் செலவும் கிடைக்கலாம், முன்மாதிரி செய்யும் கட்டத்தில் ஒரு பகுதி மட்டும். விண்வெளியும் அதில் ஒரு தனிப் பிரிவு. ஐரோப்பிய ஒன்றிய உறுப்பினராக இல்லாத நார்வேகூட இணைநாடாக உள்ளே இருக்கிறது.

சிங்கப்பூருக்கு அந்தக் கதவு திறக்காது. வெளிநாட்டுக் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களைப் பொதுவாக ஒதுக்கிவைப்பது அந்த நிதியின் விதி. சரி, ஆசியான் அளவில் இப்படி ஒன்று தொடங்கலாமே என்றால், பத்துக்கும் மேற்பட்ட நாடுகள் ஒருமனதாக முடிவெடுக்கும் ஓர் அமைப்பில், அதுவும் தென்சீனக் கடல் விவகாரத்தில் ஆளுக்கொரு நிலைப்பாடு இருக்கும்போது, ராணுவச் செயற்கைக்கோளுக்குப் பொது நிதி அமைவது என் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் நடக்காது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தின் கலிலியோ வழிகாட்டிச் செயற்கைக்கோள் திட்டத்துக்கு ஏறத்தாழ 1.2 பில்லியன் பவுண்டு போட்டிருந்தது. அரசுகளுக்கும் படைகளுக்கும் மட்டுமான அதன் பாதுகாப்புச் சேவையை உருவாக்கியதில் பிரிட்டிஷ் பொறியாளர்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. ஒன்றியத்தை விட்டு வெளியேற முடிவெடுத்த பிறகு, 2018ல் அந்தப் பாதுகாப்பு வேலைகளிலிருந்து அவர்களை விலக்கிவைத்தார்கள். போட்ட பணமும் திரும்பவில்லை. சொந்தமாக ஒரு வழிகாட்டி அமைப்பு கட்டலாமா என்று ஆராயவே 92 மில்லியன் பவுண்டு ஒதுக்கி, 2020ல் அந்த எண்ணத்தையும் கைவிட்டார்கள். பொது நிதியில் போட்ட பணத்துக்கு, உறுப்பினராக இருக்கும்வரைதான் மதிப்பு.

பங்கு வாங்குவது

அமெரிக்காவின் டபிள்யூஜிஎஸ் ராணுவத் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் வரிசைதான் இதற்கு நல்ல சான்று. 2007ல் ஆஸ்திரேலியா ஆறாவது செயற்கைக்கோளின் செலவை ஏற்க ஒப்புக்கொண்டது. அது 2013ல் ஏவப்பட்டது. 2012ல் கனடா, டென்மார்க், லக்சம்பர்க், நெதர்லாந்து, நியூசிலாந்து ஆகிய ஐந்தும் ஒன்பதாவது செயற்கைக்கோளுக்காக அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டன. அது 2017ல் விண்ணுக்குப் போனது.

இதில் ஒரு அருமையான ஏற்பாடு இருக்கிறது. ஒரு செயற்கைக்கோளுக்குப் பணம் கொடுத்தால், உலகைச் சுற்றி நிற்கும் மொத்த வரிசையிலும் உங்கள் பங்குக்கு ஏற்ற அலைவரிசைத் திறன் கிடைக்கும். உங்கள் செயற்கைக்கோள் மேலே போகும்வரை காத்திருக்கவும் வேண்டாம், ஏற்கெனவே இருப்பவற்றைப் பயன்படுத்தத் தொடங்கலாம். லக்சம்பர்க் அளவுள்ள நாட்டுக்கு இது வேறு எந்த வழியிலும் கிடைக்காது. ஏடன் வளைகுடா வரை கப்பல் அனுப்பிய நம் கடற்படைக்கும் அப்படிப்பட்ட தொடர்பு தேவைப்படும்.

ஆனால் ஆய்வுக்கு இதில் என்ன இருக்கிறது? ஏறக்குறைய ஒன்றுமில்லை. வடிவமைப்பு போயிங்குடையது. கட்டுப்பாட்டு அறை அமெரிக்காவுடையது. தரையில் வைக்கும் முனையங்களைப் பற்றி வேண்டுமானால் உங்கள் பொறியாளர்கள் நன்றாகக் கற்றுக்கொள்வார்கள். நாளைக்கு அடுத்த தலைமுறை வரும்போது மறுபடியும் காசோலை எழுதிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பயன்பாட்டுக்கு நல்ல வழி. ஆய்வு நிதி என்ற பெயரில் இதற்குப் பணம் ஒதுக்கினால் அது தவறான கணக்கு.

அடுத்தவர் செயற்கைக்கோளில் நம் கருவி

சிங்கப்பூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. 2003 ஜூனில் ஏவப்பட்ட ஆப்டஸ் சி1 செயற்கைக்கோளில் ஆஸ்திரேலியப் படைக்கான தொலைத்தொடர்புக் கருவிகளும் இருந்தன. வணிக ஒளிபரப்பும் ராணுவத் தகவலும் ஒரே உடலில் பயணம் செய்தன. அந்த நேரத்தில் ஆஸ்திரேலியத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஆப்டஸின் உரிமையாளர் யார்? 2001ல் அதை வாங்கிய நம் சிங்டெல். வேறு நாட்டு ராணுவக் கருவியைச் சுமக்கும் செயற்கைக்கோளைச் சொந்தமாக வைத்திருப்பது என்றால் என்ன என்ற அனுபவம் இந்த ஊர் நிறுவனத்துக்கு எப்போதோ கிடைத்துவிட்டது.

அண்மைக் காலத்தில் இந்த வழி வேகம் பிடித்திருக்கிறது. 2024 ஆகஸ்ட்டில் நார்வேயின் இரண்டு செயற்கைக்கோள்கள் வட துருவப் பகுதிக்கான அமெரிக்க விண்வெளிப் படையின் தொலைத்தொடர்புக் கருவிகளைச் சுமந்துகொண்டு போயின. இதனால் 900 மில்லியன் டாலருக்கு மேல் மிச்சம் என்று அமெரிக்கத் தரப்பு சொன்னது. 2025 பிப்ரவரியில் ஜப்பானின் வழிகாட்டிச் செயற்கைக்கோள் ஒன்றில், விண்ணில் உள்ள பொருள்களைக் கண்காணிக்கும் அமெரிக்க உணர்கருவி ஏறிப் போனது.

ஆய்வாளருக்கு இது ஆசை காட்டும் வழி. ஒரு புதிய உணர்கருவியைப் பரிசோதிக்க முழுச் செயற்கைக்கோள் கட்ட வேண்டாம்; எடை, மின்சாரம், ஒரு தரவுத் தடம் மூன்றும் கிடைத்தால் போதும். சிக்கல் எங்கே என்றால், அட்டவணை உங்களுடையது அல்ல. வண்டி கிளம்பும் நாளில் உங்கள் கருவி தயாராக இல்லாவிட்டால் அதை விட்டுவிட்டுப் போய்விடும். எந்தப் பக்கம் திரும்பி நிற்பது, மின்சாரம் குறைந்தால் யாருடைய கருவியை முதலில் அணைப்பது என்பதெல்லாம் வண்டிக்காரர் முடிவு. ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியை எழுதத்தான் வழக்கறிஞர்களுக்கு அதிக நாள் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பண்டமாற்று

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. காரணமும் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1995ல் பிரான்ஸ் ஏவிய ஹீலியோஸ் 1ஏ உளவுச் செயற்கைக்கோள் மூன்று நாடுகளின் பணத்தில் உருவானது. பிரான்ஸ் ஏறத்தாழ 79 விழுக்காடு, இத்தாலி 14, ஸ்பெயின் 7. போட்ட பங்குக்கு ஏற்ப படம் எடுக்கும் உரிமை. தொடக்கத்தில் இதுவும் பங்கு வாங்கும் முறைதான். ஆனால் 7 விழுக்காடு வைத்திருப்பவர் 79 விழுக்காட்டுக்காரரிடம் பேரம் பேச முடியாது.

அடுத்த தலைமுறையில் கதை மாறியது. ஜெர்மனி சார்-லூப்பே என்ற பெயரில் ஐந்து ராடார் செயற்கைக்கோள்களை 2006 முதல் 2008க்குள் ஏவியது. இத்தாலி காஸ்மோ-ஸ்கைமெட் ராடார் வரிசையைக் கட்டியது. பிரான்ஸிடம் கூர்மையான ஒளிப்படக் கண் இருந்தது, மேகத்தை ஊடுருவும் ராடார் இல்லை. ஆகவே 2001ல் டூரினில் இத்தாலியோடும், 2002ல் ஷ்வெரினில் ஜெர்மனியோடும் ஒப்பந்தம் செய்து ஒளிப்படத்துக்கு ராடார் படம் என்று மாற்றிக்கொண்டார்கள். பெரும் பணம் கைமாறவில்லை. ஒவ்வொரு நாட்டின் ஆய்வுப் பணமும் அதனதன் ஆய்வகத்திலேயே செலவானது, அறிவு அங்கேயே தங்கியது.

இதற்கு மாறாக, ஆறு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து மியூசிஸ் என்ற பெயரில் எல்லாருக்கும் பொதுவான படப்பிடிப்பு அமைப்பு ஒன்றைத் திட்டமிட்டன. அது நினைத்தபடி கூடிவரவில்லை. அவரவர் செயற்கைக்கோளை அவரவர் கட்டிக்கொண்டு, இருவருக்கு இருவர் ஒப்பந்தம் என்ற பழைய வழிக்கே திரும்பினார்கள். பிரான்ஸின் சிஎஸ்ஓ என்ற ஒளிப்பட உளவுச் செயற்கைக்கோள் வரிசையில் மூன்றாவது செயற்கைக்கோளுக்கு ஜெர்மனி பணம் கொடுத்தது; அது 2025 மார்ச்சில் ஏரியான் 6 ராக்கெட்டில் போனது. சுவீடன் கொடுத்தது இடம்: துருவத்துக்கு அருகே கிருனாவில் உள்ள தரைநிலைய வசதி. துருவப் பாதையில் சுற்றும் செயற்கைக்கோளிலிருந்து தரவு இறக்க அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. புவியியலே சுவீடனின் முதலீடு.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். நாம் நிற்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரை பாகைக்கும் குறைவான தூரத்தில். பெரும்பாலான படப்பிடிப்புச் செயற்கைக்கோள்கள் துருவங்களைத் தொட்டுச் சுற்றுபவை. துருவத்தருகே அடிக்கடி வரும், நிலநடுக்கோட்டில் உள்ள ஒரே இடத்தின் மேல் எப்போதாவதுதான் கடக்கும். போதாததற்கு இங்கே வானம் பெரும்பாலும் மேகமூட்டம். அதனால்தான் இந்த ஊர்ச் செயற்கைக்கோள்கள் வேறு வழியில் வளர்ந்தன. 2011ல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தற்காப்பு ஆய்வு செய்யும் டிஎஸ்ஓ தேசிய ஆய்வகங்களும் சேர்ந்து செய்த எக்ஸ்-சாட் ஏறத்தாழ 100 கிலோ; அது மட்டும் துருவப் பாதையில். 2015ல் டெலியோஸ்-1, நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதையில். 2023 ஏப்ரலில் 741 கிலோ எடையுள்ள டெலியோஸ்-2, ராடாரோடு. அதே ஆண்டு ஜூலையில் டிஎஸ்-சார். எல்லாம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ராக்கெட்டில் போனவை.

டிஎஸ்-சாரைக் கிட்டப் பார்த்தால் கூட்டு என்பதன் முழு உருவமும் தெரியும். எடை 360 கிலோ. உருவானது, டிஎஸ்டிஏ என்கிற தற்காப்பு அறிவியல், தொழில்நுட்ப அமைப்புக்கும் எஸ்டி எஞ்சினியரிங்குக்கும் இடையிலான கூட்டுறவில். ராடார் கருவி இஸ்ரேல் ஏரோஸ்பேஸ் நிறுவனத்துடையது. ராக்கெட் இந்தியாவுடையது. பாதை, 535 கிலோமீட்டர் உயரத்தில் நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் 5 பாகைச் சாய்வு. இரவானாலும் மழையானாலும் ஒரு மீட்டர் அளவு நுணுக்கத்தோடு படம் எடுக்கும். பாதை இப்படி இருப்பதால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நம் பக்கம் வந்துபோகும்.

பண்டமாற்றில் நாம் மேசையில் வைக்க வேண்டியது இதைத்தான். மலாக்கா நீரிணையையும் அதைச் சுற்றியுள்ள கடலையும் இவ்வளவு அடிக்கடி பார்க்கும் ராடார் கண் பிரான்ஸிடமோ ஜப்பானிடமோ கிடையாது. அவர்களிடம் இருப்பது நம்மிடம் இல்லாத மிகக் கூர்மையான ஒளிப்படமும் உலகளாவிய வீச்சும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ராடார் கருவி வேறு நாட்டிலிருந்து வாங்கியதென்றால், அதன் தரவை மூன்றாம் நாட்டுக்குக் கொடுக்க விற்றவரின் சம்மதம் தேவைப்படலாம். அமெரிக்க பாகம் ஒன்று உள்ளே இருந்தாலும் ஐடார் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாடு கூடவே வரும். படத்தைப் பரிமாறுவது எளிது, கருவியின் உள்ளமைப்பைப் பரிமாறுவது கடினம். ஆகவே அடுத்த ராடாரில் எந்தப் பகுதி நம் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்பதை இப்போதே தீர்மானித்தாக வேண்டும்.

கூட்டு ஆய்வகம்

அந்தக் கை எங்கிருந்து வரும்? பாரிஸ் அருகே சோந்த்ரா என்று ஓர் ஆய்வகம் இருக்கிறது. பிரான்ஸின் பொறியியல் கல்லூரி சென்ட்ரல்சுப்பெலெக், அந்நாட்டு வானூர்தி, விண்வெளி ஆய்வு நிறுவனம் ஓனெரா, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், டிஎஸ்ஓ ஆகிய நான்கும் சேர்ந்து நடத்துவது. வேலை, ராடாரும் மின்காந்த அலைகளும். பெரிய கட்டடமோ ராக்கெட்டோ தேவைப்படாத, முனைவர் பட்ட மாணவர்களும் வழிகாட்டிகளும் உட்கார்ந்து கணக்குப் போடும் இடம். செயற்கைக்கோள் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு சிறியது. வேகம் குறைவு என்பதும் உண்மை: நாளை மறுநாள் படைக்கு ஒன்று வேண்டுமென்றால் இங்கே கேட்டுப் பயனில்லை. ஆனால் இரைச்சலுக்கு நடுவே நகரும் படகை ராடார் படத்தில் பிரித்தெடுக்கத் தெரிந்த ஓர் ஆள் உருவாகிவிட்டால், அவரை எந்த நாடும் கணக்கு முடக்கி நிறுத்த முடியாது.

என்னிடம் கேட்டால், ஆய்வுப் பணத்தின் பெரும் பங்கு சொந்த நிலநடுக்கோட்டு ராடாருக்கும், அதற்கு அடுத்தபடி சோந்த்ரா போன்ற இரண்டு மூன்று ஆய்வகங்களுக்கும் போக வேண்டும். புதிய உணர்கருவிகளை ஜப்பான், கொரியா போன்ற நாடுகளின் செயற்கைக்கோள்களில் ஏற்றிப் பரிசோதிக்க ஒரு சிறு தொகை. டபிள்யூஜிஎஸ் போன்ற பங்கு வேண்டுமா என்பதைக் கடற்படை தன் செயல்பாட்டுச் செலவிலிருந்து முடிவு செய்யட்டும், ஆய்வுப் பணத்தைத் தொட வேண்டாம். பொது நிதி இப்போதைக்கு வேண்டாம்.

முதல் பண்டமாற்றை யாரோடு தொடங்கலாம் என்றால், என் தேர்வு பிரான்ஸ். ராடார் படத்தை ஒளிப்படத்துக்கு மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தத்தை எப்படி எழுதுவது, பங்கை எப்படிக் கணக்கிடுவது, ரகசியத்தை எப்படிக் காப்பது என்பதில் அவர்களுக்கு இருபது ஆண்டுக்கு மேல் பழக்கம். நம் பொறியாளர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்தும் பழகியவர்கள். கிருனாவைக் கொடுத்து சுவீடன் உள்ளே நுழைந்தது போல, நிலநடுக்கோட்டுப் பாதையில் போகும் எந்தச் செயற்கைக்கோளும் ஒவ்வொரு சுற்றிலும் தரவை இறக்கிவிட்டுப் போகக்கூடிய ஒரு தரைநிலையத்தை நாமும் பேச்சுவார்த்தையில் நம் பங்காக முன்வைக்கலாம்.