பழைய எம்எக்ஸ்-5 பவர் மிரர்: சரிசெய்வதா, மாற்றுவதா?

1989இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் பவர் மிரர் (சுவிட்சை அழுத்தித் திருப்பும் பக்கக் கண்ணாடி) மக்கர் செய்தால் பலரும் உடனே பழைய உதிரி மிரரைத் தேடுகிறார்கள். என் ஓட்டு சரிசெய்வதற்கே.

முதலில் கவனியுங்கள்: இரண்டு பக்கமும் அசையவில்லையா? ஃபியூஸ் அல்லது சுவிட்ச். சுவிட்சின் செம்புத் தொடுமுனைகளில் கறுப்புப் படிந்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தாலே பெரும்பாலும் உயிர் வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் என்றால் கதவு மடங்கும் இடத்து ரப்பர் குழாய்க்குள் ஒயர் அறுந்திருக்கிறதா பாருங்கள். மிரருக்குள்ளே மேல்-கீழுக்கு ஒன்று, இட-வலத்துக்கு ஒன்று என இரண்டு குட்டி மோட்டார்கள். 9 வோல்ட் பேட்டரியை மோட்டாருக்கு நேரடியாகக் கொடுத்து, முனைகளை மாற்றியும் பாருங்கள். அசைந்தால் மோட்டார் நல்லது. சத்தம் வந்து கண்ணாடி நகராவிட்டால் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். அப்போதுதான் மாற்றும் பேச்சு.

முழு மிரரை மாற்றினால் வேலை சீக்கிரம் முடியும், அது உண்மை. ஆனால் வாங்குவதும் அதே வயதுப் பொருள்தான், பெயின்டும் ஒத்துப்போகாது. அமெரிக்க மாடலில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி தட்டையானது, பயணி பக்கம் குவிந்தது. ஓட்டுநர் வலப்பக்கம் உட்காரும் காருக்கு அதை வாங்குபவர்கள் பக்கம் பார்த்தே வாங்க வேண்டும். மிரரின் வெளிக்கூடு உடைந்திருந்தால் மட்டும் தயங்காமல் மாற்றுங்கள்.