கேமரா ஹெலிகாப்டர்: பறப்பதில் குறையில்லை, படத்தில்தான் அலை

கேமரா வைத்த ரிமோட் ஹெலிகாப்டர் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பேசப்போவது மேலும் கீழுமாக இரண்டு ரோட்டர் எதிரெதிராகச் சுற்றும் கோஆக்சியல் வகையைப் பற்றி. 3.7 வோல்ட் ஒற்றை செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, மூக்கில் பதித்த 640 x 480 கேமரா, மெமரி கார்டு. கடையில் அதிகம் கிடைப்பது இதுதான்.

நேராக எரிச்சலுக்கே வருகிறேன். எடுத்த வீடியோவைப் போட்டால் சுவரும் ஜன்னலும் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளியும். இதற்கு ஜெல்லோ என்று பெயர். எல்லோரும் கேமராவைத் திட்டுகிறார்கள், கூடுதல் மெகாபிக்சல் உள்ள மாடலைத் தேடுகிறார்கள். அதனால் ஒன்றும் ஆகாது. இந்தக் கேமராக்கள் படத்தை ஒரே கணத்தில் மொத்தமாகப் பிடிப்பதில்லை. மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கின்றன. நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும்போது, ரோட்டர் நொடிக்கு 30 முறைக்கு மேல் சுற்றினால் ஒரே ஃபிரேமுக்குள் ஒரு முழு ஆட்டம் புகுந்துவிடும். மேல் வரி ஒரு பக்கம், கீழ் வரி இன்னொரு பக்கம். நல்ல வெயிலில் இது இன்னும் மோசம், ஏனென்றால் எக்ஸ்போஷர் நேரம், அதாவது கேமரா ஒளியை வாங்கும் நேரம், குறைந்து ஒவ்வொரு நெளிவும் கூர்மையாகப் பதிகிறது. வீட்டுக்குள் மங்கிய வெளிச்சத்தில் நெளிவு குறைந்து, படம் மொத்தமாகக் கலங்கும்.

ஆக, கோளாறு அதிர்வில் இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று பார்க்க முதலில் எல்லா பிளேடையும் கழற்றிவிட்டு, த்ராட்டிலை, அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டும் ஸ்டிக்கை, மிகக் குறைவாகக் கொடுத்து, மேல் ரோட்டரைச் சுற்றும் உள் ஷாஃப்டின் நுனியைக் கவனியுங்கள். நுனி வட்டம் போட்டால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்த முயலாதீர்கள், முழுதாக நேராவதே இல்லை, மாற்றுவதுதான் வழி. ஷாஃப்ட் நேராக இருந்தால் அடுத்து பிளேடு. ஒரே ரோட்டரின் இரண்டு பிளேடையும் 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசில் தனித்தனியாக நிறுத்துப் பார்க்கவும். லேசாக இருப்பதன் நுனிக்கு அடியில் செல்லோ டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டிச் சமன் செய்யலாம். விளிம்பு பிய்ந்த பிளேடை ஒட்டி வைத்துப் பயனில்லை, ஜோடியாக மாற்றுங்கள். மேல் ரோட்டர் பிளேடும் கீழ் ரோட்டர் பிளேடும் வேறு வேறு. ஏ, பி என்று அடையாளம் பதித்திருப்பார்கள், மாற்றிப் போட்டால் எழும்பவே எழும்பாது.

பிளேடு திருகை இறுக்கிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பிளேடு சுற்றும் வேகத்தில் தானாக நேர்கோட்டுக்கு வர வேண்டும். ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்தால் பிளேடு தன் எடையில் மெல்ல இறங்க வேண்டும். அந்த அளவுக்குத் தளர்வு போதும். கடைசியாகக் கேமரா. அதை உடலோடு ஒட்டியிருக்கும் பசையை எடுத்துவிட்டு, பஞ்சு வைத்த டபுள் டேப்பை நான்கு மூலையிலும் சிறு சதுரமாக வெட்டி ஒட்டுங்கள். முழுப் பரப்பிலும் ஒட்டினால் அதிர்வு அப்படியே கடந்து போகும். கேமராவுக்குப் போகும் ஒயர் விறைப்பாக இருந்தாலும் அதே கதைதான், ஒரு சின்ன வளைவு விட்டு வையுங்கள்.

இவ்வளவும் செய்தால் படம் பார்க்கும்படி வரும். அடுத்த முறை கதவில் மோதும் வரை! ஷாஃப்ட் அத்தனை மெல்லியது.

வீட்டுக்குள் பறப்பதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மேலே எடை கட்டிய பேலன்ஸ் பார், இரண்டு ரோட்டரின் எதிர்ச் சுழற்சி, இரண்டும் சேர்ந்து காற்றில்லாத அறையில் ஸ்டிக்கைத் தொடாமலே நிற்க வைக்கும். சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு, தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் தூக்கிவிட்டால் போதும்; அதற்குக் கீழே தன் காற்றிலேயே தடுமாறும். முதன்முறை ரிமோட் பிடிக்கும் பிள்ளைகூட சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. விழும்போது த்ராட்டிலைச் சட்டென்று பூஜ்யத்துக்கு இறக்கும் பழக்கம் மட்டும் வந்துவிட்டால் கியர் பல் உடையாது.

மொட்டை மாடிக்கு ஆசைப்படாதீர்கள். வால் ரோட்டர் வாலை ஏற்றி இறக்கித்தான் முன்னும் பின்னும் நகர்த்துகிறது. பக்கவாட்டில் போக வழியே கிடையாது. இளங்காற்றுக்கே அடித்துக்கொண்டு போகும். இன்ஃப்ராரெட் ரிமோட் என்றால் வெயிலில் சிக்னலே சேராது. அதனால் வாங்கும்போது ரேடியோவில் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சேனல் என்பது ரிமோட்டில் தனித்தனியாக இயக்கக்கூடியவற்றின் எண்ணிக்கை. மூன்றரை சேனல் என்பதில் அந்த அரை பெரும்பாலும் விளக்குக்கோ கேமராவுக்கோ உள்ள பொத்தான்தான், பறத்தலில் எதையும் கூட்டாது.

இன்னொரு விஷயம் இழப்பைத் தரும். இந்த வகையில் கேமராவும் மோட்டாரும் பெரும்பாலும் ஒரே பேட்டரியில் ஓடுகின்றன. சார்ஜ் குறையும்போது த்ராட்டிலை ஏற்றினால் மின்னழுத்தம் சரிந்து கேமரா அணைந்துவிடும். கோப்பு மூடப்படாமல் போகும். வீடியோ பதிவாகும் ஏவிஐ கோப்பின் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது, அதனால் திறக்காது. கோப்பில் அளவு காட்டினால் விஎல்சி பிளேயர் சரிசெய்து திறக்கும். 0 கேபி என்றால் கிட்டத்தட்ட போனதுதான். எனவே ஹெலிகாப்டரின் எழும்பும் வேகம் குறைவதாகத் தெரிந்ததுமே முதலில் ரெக்கார்டிங்கை நிறுத்துங்கள், பிறகு இறக்குங்கள். கார்டு 32 ஜிபிக்கு மிகாமல், ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்ததாக இருக்கட்டும்.

பேட்டரியைச் சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். நாள்கணக்கில் எடுத்து வைப்பதென்றால் 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். உப்பிவிட்டால் அதைத் தூக்கிப்போட மனம் வர வேண்டும். மோட்டாருக்கும் ஒவ்வொரு பறத்தலுக்கும் பின் பத்து நிமிடம் ஓய்வு தேவை. கார்பன் பிரஷ் தேய்ந்து ஒரு மோட்டார் சோர்ந்துவிட்டால், ஒரு பக்கம் திரும்புவதைச் சரிசெய்யும் ட்ரிம்மை எவ்வளவு திருப்பினாலும் ஹெலிகாப்டர் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்தியாவில் 2021 டிரோன் விதிகளில் ஹெலிகாப்டர் வடிவமும் அடக்கம். 250 கிராம் வரை நானோ வகை, இந்தப் பொம்மைகள் அதற்கு வெகு கீழே. உரிமம் வேண்டாம், ஆனால் அரசு வரைபடத்தில் சிவப்பு மண்டலம் என்று குறித்த பகுதியில் முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். பறத்தலில் இத்தனை நல்ல பொருளின் மூக்கில் இந்தக் கேமராவைத் தொங்கவிட்டிருப்பது எனக்குத் தாங்கவில்லை. அதே மாடல் கேமரா இல்லாமலும் வருகிறது, எடையும் குறைவு. அதை வாங்கி, மிச்சக் காசில் உள் ஷாஃப்ட் இரண்டு, ஏ-பி பிளேடு இரண்டு ஜோடி, ஒரு கூடுதல் பேட்டரி வாங்கி வையுங்கள். உதிரிபாகம் தனியாகக் கிடைக்காத மாடல் என்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் தொடாதீர்கள். படம்தான் வேண்டும் என்றால் நான்கு ரோட்டர் டிரோனைப் பாருங்கள்.