பல் மருத்துவர்களே, ‘கேமரா செட்’ விற்பவர்களிடம் எச்சரிக்கை: என் 85,000 போயிற்று

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். மருத்துவக் கருவிகள் விற்கும் ஓர் இணையக் கடை, பல் மருத்துவத்துக்கென்றே தயாரான முழு கேமரா செட் என்று சொல்லி 85,000 வாங்கிக்கொண்டு உதவாத பொருளை என் தலையில் கட்டிவிட்டது.

நம்பவைத்தது அந்த விற்பனையாளரின் பேச்சு. “டாக்டர், 100 மி.மீ. மேக்ரோ, 1:1 கிடைக்கும். எஃப் 22 வைத்தால் முன்பல்லிலிருந்து கடைவாய்ப்பல் வரை துல்லியமாக விழும்” என்றார். மேக்ரோ என்றால் மிக நெருங்கி எடுக்கும் லென்ஸ், 1:1 என்றால் பல் அதன் அசல் அளவிலேயே சென்சாரில் விழும், எஃப் 22 என்றால் லென்ஸின் துளையை நன்கு சுருக்கி அதிக ஆழத்துக்குத் தெளிவு பெறுவது. தொழில் தெரிந்தவர் பேசும் பேச்சு அது. இந்த செட்டில் எடுத்தது என்று ஒரு படமும் அனுப்பினார். கடைவாய்ப்பல்லின் பள்ளத்தில் ஈரம் மின்னுவதுகூடத் தெரிந்தது. அன்றே 85,000 கட்டினேன்.

வந்த லென்ஸில் ‘மேக்ரோ’ என்ற எழுத்து மட்டும்தான் இருக்கிறது. எவ்வளவு நெருங்கினாலும் 1:4-ஐ, அதாவது அசல் அளவில் கால் பங்கைத் தாண்டவில்லை. ஃபுல் ஃபிரேம் (36 × 24 மி.மீ.) சென்சாரில் 1:1 என்றால் மேல் வெட்டுப்பற்கள் நான்கும் படத்தை நிறைக்க வேண்டும். இதில் மூக்கும் தாடையும் சேர்ந்து வருகின்றன. லென்ஸைச் சுற்றி மாட்டும் ரிங் ஃபிளாஷ் என்றது ஃபிளாஷே அல்ல, வெளிச்சம் போதாத எல்இடி விளக்கு. எஃப் 22-இல் வாய்க்குள் ஒரே இருட்டு. துளையைத் திறந்தால் வெட்டுப்பல் தெளிவு, கோரைப்பல்லிலிருந்தே மங்கல். சென்சாரின் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) ஏற்றினால் எனாமலில் மணல் தூவியது போலிருக்கிறது. உள்பற்களைப் படமெடுக்க வாய்க்குள் வைக்கும் வாய்க்கண்ணாடியோ, முன்புறம் பூச்சு இருக்க வேண்டியதற்குப் பதில் பின்புறம் பூச்சு பூசிய சாதாரணக் கண்ணாடி. ஒவ்வொரு பல்லுக்கும் இரட்டை விளிம்பு விழுகிறது. கிரவுனுக்கு (பல்லின் மேல் மாட்டும் செயற்கை மூடி) நிறம் பார்க்க அனுப்பிய படத்தில் ஷேட் டேபும் (நிறம் ஒப்பிடும் மாதிரிப் பல்) பல்லும் ஒரே மஞ்சளாக இருக்கின்றன என்று கிரவுன் செய்யும் லேப் திருப்பிவிட்டது. பாவம், நோயாளி மறுபடி வர வேண்டியதாயிற்று.

கேட்டால் முதலில் “செட்டிங் சரியில்லை டாக்டர்.” பிறகு “தொழில்நுட்பப் பிரிவு உங்களை அழைக்கும்.” யாரும் அழைக்கவில்லை. விடாமல் கேட்டதும், கண்ணாடியின் உறையைப் பிரித்துவிட்டதால் சுகாதாரக் காரணத்துக்காக எதையும் திரும்பப் பெற முடியாதாம்! உறையைப் பிரிக்காமல் கண்ணாடியை எப்படிப் பார்ப்பது? அந்த உறைக்கும் லென்ஸுக்கும் என்ன சம்பந்தம்? இப்போது என் எண்ணைப் பார்த்தாலே எடுப்பதில்லை. 85,000!

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். நோயாளிகள் காத்திருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். லென்ஸின் விவரக்குறிப்பில் 1:1 இருக்கிறதா பாருங்கள். பேனா முனையைக் கண்ணாடியில் வையுங்கள். முனையும் பிம்பமும் தொட்டால் சரி, இடைவெளி தெரிந்தால் வேண்டாம். மாதிரிப் படத்தின் அசல் கோப்பைக் கேளுங்கள். எந்த லென்ஸ், எந்தத் துளை என்பது அதிலேயே பதிந்திருக்கும். தர மறுத்தால் பணம் கட்டாதீர்கள்.